பாரம் ஏறிய முடிச்சு: பாறையேறிகளுக்கான தன்மீட்பு

1936 ஜூலை 22. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலை, வடக்கு முகம். 23 வயது டோனி குர்ட்ஸ் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கூட வந்த ஹின்டர்ஸ்டாய்சர், ஆங்கரர், ரைனர் மூவரும் முந்தைய நாளே இறந்துவிட்டார்கள். மலையைக் குடைந்து போகும் ரயில் பாதையின் சாளரம் வழியாக வெளியே வந்த வழிகாட்டிகள் அவருக்குக் கீழே நின்றார்கள். குர்ட்ஸின் ஒரு கை உறைந்து செத்துப்போயிருந்தது. மற்றக் கையாலும் பல்லாலும் ஒரு கயிற்றுத் துண்டைப் புரி பிரித்து, புரிகளை ஒன்றோடொன்று முடிந்து, மணிக்கணக்கில் உழைத்து ஒரு நீண்ட இழையைக் கீழே விட்டார். வழிகாட்டிகள் அதில் கயிறு கட்டி அனுப்பினார்கள். ஒரு கயிறு போதவில்லை என்பதால் இன்னொன்றை முடிச்சிட்டு இணைத்தார்கள். குர்ட்ஸ் இறங்கினார். அந்த இணைப்பு முடிச்சு அவருடைய கராபினரில் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி வளையம்) வந்து சிக்கியது. அது உள்ளே போகவில்லை. மீட்க வந்தவர்களுக்குச் சில மீட்டர் மேலே அவர் உயிர் பிரிந்தது.

அந்த முடிச்சைக் கராபினரைத் தாண்டி எடுக்க வேண்டுமென்றால், கயிற்றின் மேல் இருந்த அவருடைய எடை ஒரு நிமிடமாவது வேறெங்காவது போயிருக்க வேண்டும். சிக்கியதற்கு மேலே இன்னொரு பிடி, அதில் உடலை ஏற்றுவதற்கு ஒரு சிறு கயிற்று வளையம், இரண்டு வேலை செய்யும் கைகள் தேவைப்பட்டன. கையும் தெம்பும் அவரிடம் மிச்சமில்லை. ஆனால் அந்த இயந்திரவியல் இன்றும் மாறவில்லை. பாரம் ஏறிய முடிச்சு அவிழாது. பாரம் ஏறிய கருவியைக் கழற்ற முடியாது. பாறையில் தன்மீட்பு என்று சொல்லப்படும் எல்லாமே, தொங்கும் எடையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குலுக்கல் இல்லாமல் மாற்றும் வேலைதான். பெயர்கள் பல, வேலை ஒன்று. இதைப் பிடித்துக்கொண்டால் புத்தகப் படங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கூடவே இன்னொரு விதி: எதில் எடையை ஏற்றினாலும், அந்த எடையோடேயே அதைத் தளர்த்தும் வழி முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரச்சினை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், தீராது.

பிரான்சின் சாமோனி பள்ளத்தாக்கில் விபத்து நடந்தால் ஹெலிகாப்டரோடு பயிற்சி பெற்ற குழு வருகிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் சாவனதுர்கா போன்ற கருங்கல் பாறைகளில் அப்படி ஒரு குழு தயாராக நிற்பதில்லை. 112-ஐ அழைக்கலாம், ஆனால் வருகிறவர்கள் பாறையின் நடுவில் உங்களை எட்டுவது வேறு விஷயம். பல கயிற்று நீளம் கொண்ட வழிகளில் ஏறுகிறவர்களுக்கு, முதல் சில மணி நேரம் மீட்புக்குழு என்பது கூட ஏறுகிற நண்பர் ஒருவர்தான். தென்னிந்தியப் பாறைகளில் மலைத்தேனீ வேறு கூடு கட்டியிருக்கும். அது கலைந்தால் மெதுவாக யோசிக்க நேரமே கிடையாது.

இடுப்பில் என்ன இருக்க வேண்டும்

நிறைய வேண்டாம். பூட்டுள்ள பெரிய பேரிக்காய் வடிவ கராபினர் இரண்டு, சின்னப் பூட்டு கராபினர் இரண்டு, 6 மி.மீ. நைலான் கயிறு 1.5 மீட்டரில் கட்டிய வளையம் இரண்டு, 7 மி.மீ. நைலான் கயிறு 5 முதல் 6 மீட்டர் ஒன்று, 120 செ.மீ. ஸ்லிங் (தைத்த நாடா வளையம்) ஒன்றிரண்டு, மடக்குக் கத்தி, விசில், தலைவிளக்கு. பிலே கருவி (கூட ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்துக் காவல் காக்கும் கருவி), மேலிருந்து நேராக ஆங்கரில் (பாறையில் அமைத்த பிடிமானத்தில்) மாட்டக்கூடிய வகையாக இருந்தால் நல்லது. பேரிக்காய் வடிவத்துக்குக் காரணம் உண்டு. கராபினரில் பிரேக்காக வேலை செய்யும் மன்டர் முடிச்சு எந்தப் பக்கமும் புரண்டு உட்கார அகலமான வளைவு வேண்டும். குறுகிய கராபினரில் அது பாதியில் நெருங்கி நின்றுவிடும்.

கயிற்றின் தடிமனில்தான் பலர் தவறுகிறார்கள். ஐரோப்பிய தரவிதி இ.என். 564-இன்படி, துணைக்கயிற்றின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 20-ஆல் பெருக்கினால் அது தாங்க வேண்டிய குறைந்தபட்ச வலிமை ஏறத்தாழ கிலோ கணக்கில் வரும். 5 மி.மீ. என்றால் 500, 6 என்றால் 720, 7 என்றால் 980. தடிமன் கூடினால் பலம் கூடும், ஆனால் பிடிமானம் குறையும். உராய்வு முடிச்சுக்கான கயிறு, பிரதான கயிற்றைவிட மெலிதாகவும் வளையக்கூடியதாகவும் இருந்தால்தான் அதைச் சுற்றி இறுக்கிக் கடிக்கும். 10 மி.மீ. கயிற்றில் 6 மி.மீ. வளையம் மூன்று சுற்றில் நன்றாகப் பிடிக்கிறது. அதே வளையம் 8.5 மி.மீ. வழுவழு புதுக் கயிற்றில் வழுக்கலாம். அப்போது நான்காவது சுற்று போட வேண்டும், அல்லது 5 மி.மீ. வளையத்துக்கு மாற வேண்டும். கடையில் வாங்கியவுடன் விறைப்பாக இருக்கும் கயிறும் சரியாகக் கடிக்காது. வாங்குமுன் விரலில் சிறு கண்ணியாக மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெலிது, லேசு என்று டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றைத் துணைக்கயிறாக வாங்குகிறவர்கள் உண்டு. டைனீமா சுமார் 145 டிகிரியிலேயே உருகும், நைலான் 220 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். டைனீமா வழுக்கும் தன்மை கொண்டது, அதில் போட்ட முடிச்சுகளும் நழுவும். பாரத்தோடு ஓடும் மன்டர் முடிச்சை அதில் போடவே கூடாது. அவசரத்தில் டைனீமா ஸ்லிங்கால் உராய்வு முடிச்சு போடலாம், நிற்கிற எடைக்குத் தாங்கும். ஆனால் அது பிரதான கயிற்றின் மேல் வழுக்கி ஓடத் தொடங்கினால் வெப்பமே அதை அறுத்துவிடும்.

கத்தியை எச்சரிக்கையோடு சேர்க்கிறோம். பாரம் ஏறிய கயிறு, வெங்காயத் தாள் போல, பிளேடு பட்டாலே போய்விடும். தேனீயோ பாறைச் சிதறலோ துரத்தும்போது சிக்கிய ஸ்லிங்கை அறுக்க அது உதவும், ஆனால் முகத்துக்கு நேராக ஒரு கயிறும் வயிற்றுக்கு நேராக இன்னொரு கயிறும் தொங்கும்போது எதை அறுக்கிறோம் என்று இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டே திறக்க வேண்டும்.

ப்ரூசிக், மன்டர், மியூல்

1931-இல் ஆஸ்திரியரான கார்ல் ப்ரூசிக் வெளியிட்ட முடிச்சு இன்றைக்கும் தன்மீட்பின் முதுகெலும்பு. சிறு வளையத்தைக் கயிற்றைச் சுற்றி அதனுள்ளேயே மூன்று முறை நுழைத்தெடுக்கிறீர்கள், சுற்றுகள் ஒன்றையொன்று தாண்டாமல் பக்கம் பக்கமாக அடுக்கிக் கொள்கின்றன. இழுத்தால் பிடிக்கும், எடை இல்லாதபோது விரலால் தள்ளினால் நகரும். இரு பக்கமும் பிடிக்கும் என்பது இதன் வலிமை. எடை ஏறிய பின் தளர்த்தவே முடியாது என்பது இதன் கெடுதல். க்ளெம்ஹைஸ்ட் என்ற இன்னொரு உராய்வு முடிச்சு ஒரு பக்கமே பிடிக்கும், ஸ்லிங்கால் போடவும் எளிது, ஆனால் அதுவும் எடையோடு அவிழாது. மூன்றாவது வகையான ஆட்டோபிளாக் கொஞ்சம் பலவீனமாகப் பிடிக்கும், அதனால் எடையோடேயே இறங்க விடும். மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துப் போடுவதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ராப்பலில், அதாவது கருவி வழியாகக் கயிற்றில் வழுக்கி இறங்கும்போது, கீழ்க்கயிற்றில் காவலாகப் போட வேண்டியது ஆட்டோபிளாக். அங்கே ப்ரூசிக் போட்டால், ஒரு முறை கடித்த பிறகு அதை விடுவிக்க உடல் எடையையே தூக்க வேண்டிவரும்.

சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் மன்டரின் பெயரில் பரவிய மன்டர் முடிச்சு ஒரு கராபினரிலேயே பிரேக் வேலையைச் செய்கிறது. இதைப் பூட்ட மியூல் வேண்டும். மியூல் பார்க்க அற்பமானது. பிரேக் பக்கக் கயிற்றில் (கை பிடித்திருக்கும் பக்கம்) ஒரு சிறு சுழியை உண்டாக்குங்கள். அதே கயிற்றின் இன்னொரு கண்ணியை, எடை தொங்கும் பக்கமான பாரக்கயிற்றின் பின்னால் கொண்டுபோய், அந்தச் சுழியின் உள்ளே நுழைத்து இழுங்கள். பாரக்கயிற்றைக் கட்டிப் பிடித்த ஒரு சுருக்கு முடிச்சு கிடைக்கும். எஞ்சிய கண்ணி ஒரு முழமாவது நீண்டிருக்க வேண்டும். அதால் பாரக்கயிற்றைச் சுற்றி ஒரு சாதாரண முடிச்சு போட்டு முடியுங்கள். கண்ணி ஒரு சாணுக்குக் குறைந்தால் அது உருவி விழுந்துவிடும், இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அவிழ்க்கும்போது சாதாரண முடிச்சை எடுத்துவிட்டு வாலை இழுத்தால், எத்தனை கிலோ தொங்கினாலும் மியூல் வெடித்துத் திறந்து, பாரம் திரும்ப மன்டரின் கைக்கு வரும். இந்த ‘எடையோடு திறக்கும்’ குணம்தான் தன்மீட்பின் சாவி.

கைகளை விடுவிப்பது

மேலே ஏறியவர் விழுந்து அடிபட்டு, கூப்பிட்டால் பதிலில்லாமல் தொங்குகிறார். நீங்கள் கயிற்றைப் பிடித்தபடி ஆங்கரில் கட்டப்பட்டிருக்கிறீர்கள். இந்தக் கட்டத்தில் முதல் கேள்வி, விடுபட வேண்டுமா என்பதுதான். பெரும்பாலும் வேண்டாம். 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டருக்குள் விழுந்தவரை, கயிற்றைத் தளர்த்தி நேராக உங்களிடமே இறக்கிவிடலாம். 1991-இல் வந்த பெட்சலின் கிரிகிரி போன்ற, தானாகப் பூட்டும் பிலே கருவி இருந்தால் இன்னும் எளிது. கயிற்றின் நடுக்குறி உங்கள் கைக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது, நூறு முடிச்சுகளைவிட முதன்மையான திறன். குறி அழிந்திருந்தால் கயிற்றைத் திரும்ப மார்க் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

இறக்க முடியாத அளவு தூரம் போயிருந்தால், அல்லது தொங்குமிடத்தில் வேறு கயிறு சிக்கியிருந்தால், வேலை இப்படிப் போகும். குழல் வகை பிலே கருவியென்றால், பிரேக் கையை விடாமல் பிரேக் கயிற்றின் ஒரு கண்ணியை பிலே கராபினருக்குள் நுழைத்து, பாரக்கயிற்றைச் சுற்றி மியூலும் சாதாரண முடிச்சும் போடுங்கள். இப்போது இரண்டு கைகளும் உங்களுடையவை. கயிற்றை விட்டுப் பார்க்கும்முன், பிடித்த பிடியோடு மெல்ல எடையைக் கொடுத்து நிற்கிறதா என்று பாருங்கள். கிரிகிரியானால் பிரேக் பக்கத்தில் ஒரு எட்டுக் கண்ணி (எட்டு வடிவ முடிச்சால் கட்டிய வளையம்) போட்டாலே போதும்.

அடுத்து பாரக்கயிற்றில், கருவிக்கு ஒரு முழம் மேலே, ப்ரூசிக். அதன் வளையத்தில் கராபினர் மாட்டி, 7 மி.மீ. துணைக்கயிற்றின் ஒரு முனையை அங்கே கட்டுங்கள். மறுபக்கத்தை ஆங்கரில் மாட்டிய பேரிக்காய் கராபினரில் மன்டராகப் போட்டு, தளர்வை எல்லாம் இழுத்துக்கொண்டு, மியூலும் சாதாரண முடிச்சும் போட்டுப் பூட்டுங்கள். இப்போது பிரதான கயிற்றின் பிரேக் பக்கத்தையும் ஆங்கரில் இரண்டாவது பேரிக்காய் கராபினரில் மன்டர், மியூல் என்று கட்டிவிடுங்கள். இது காவல் மட்டுமல்ல, பின்னால் வரும் வேலைக்கான கைப்பிடியும் இதுதான். அதன் பிறகே பிலே கருவியின் மியூலை மெல்லத் திறந்து, கயிற்றை அங்குலம் அங்குலமாக விட்டு, எடையை ப்ரூசிக்கின் மேல் உட்கார வையுங்கள். கருவியில் தளர்வு வந்ததும் கழற்றுங்கள். பிறகு துணைக்கயிற்றின் மியூலைத் திறந்து மன்டர் வழியாக எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரதான கயிற்றின் மன்டருக்கு மாற்றிவிட்டு, ப்ரூசிக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் அடிபட்டவர் ஆங்கரிலிருந்து, எந்த நேரமும் இறக்கக்கூடிய ஒரு மன்டரில் தொங்குகிறார். நீங்கள் சுதந்திரமாக நிற்கிறீர்கள்.

பெரும்பாலோர் மறக்கும் ஒன்று இங்கே உண்டு. மேலே விழுந்தவரின் எடை ஆங்கரை மேல் நோக்கி இழுக்கிறது. நீங்கள் கீழ்நோக்கிய இழுவைக்காக அமைத்த நட்டுகள் (பாறை வெடிப்பில் செருகும் உலோகத் துண்டுகள்) மேல் இழுவையில் வெளியே துள்ளிவிடலாம். இத்தனை நேரம் உங்கள் உடல் எடைதான் எதிர் எடையாக இருந்தது, அதை எடுத்தவுடன் ஆங்கர் தனியாக அந்த விசையைத் தாங்கும். எனவே விடுபடும் முன், ஆங்கரின் அடியில் மேல் இழுவைக்கென ஒரு பாதுகாப்பு சேர்க்க வேண்டும். பாறையில் துளையிட்டு இறுக்கிய போல்ட்டுகளில் இந்தக் கவலை இல்லை.

இரண்டாவது ஏறுபவரை ஆங்கரில் நேராக மாட்டிய கருவியில் பிலே செய்துகொண்டிருந்தால், அவர் தொங்கும்போது கருவி தானாகப் பூட்டிவிடும். இது வசதி, இறக்க வேண்டிவரும்போது இதுவே சிக்கல். கருவியின் சிறிய துளையில் கராபினரோ மெல்லிய ஸ்லிங்கோ மாட்டி, ஆங்கரின் உயரமான ஒரு புள்ளி வழியாகத் திருப்பி உங்கள் ஹார்னஸில் (இடுப்பு வாரில்) கட்டி, உடல் எடையால் அதைத் திறக்கிறார்கள். அது சிறிது சிறிதாகத் திறக்கும் கதவல்ல. ஒரு கட்டத்தில் பூட்டிலிருந்து முழுமையாக விடுபட்டு, அடியில் இருப்பவர் சரசரவென்று கீழே போவார். அதனால் பிரேக் கயிற்றில் ஆட்டோபிளாக் போட்டு உங்கள் ஹார்னஸில் மாட்டிவிட்டே அதைத் தொட வேண்டும். ஐந்து, பத்து செ.மீ. மட்டும் தளர்வு தேவையென்றால் கருவியின் கராபினரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாலே போதும், ஒவ்வொரு அசைவுக்கும் கொஞ்சம் கயிறு நகரும்.

கயிற்றில் ஏறுவது, தூக்குவது

ஏறுவதற்கு இரண்டு வளையங்கள். மேலது குட்டையாக ஹார்னஸில், கீழது நீளமாகக் காலில். மேல் ப்ரூசிக்கில் எடை கொடுத்து உட்காருங்கள், கீழதைத் தள்ளுங்கள், காலில் எழுந்து நில்லுங்கள், மேலதைத் தள்ளுங்கள். மேல் வளையம் நீளமாக இருந்தால் ப்ரூசிக் கைக்கு எட்டாமல் போய்விடும். உட்கார்ந்து தொங்கும்போது அது நெற்றி உயரத்தில் இருந்தால் சரி. ஒரு நகர்வுக்கு 30, 40 செ.மீ.தான் கிடைக்கும், எனவே 10 மீட்டருக்கு 25-க்கு மேற்பட்ட நகர்வுகள். மூன்று நான்கு மீட்டருக்கு ஒரு முறை கீழ்க்கயிற்றில் எட்டுக் கண்ணி போட்டு ஹார்னஸில் மாட்டிக்கொண்டு, அதற்கு முந்தையதை அவிழ்ப்பது காவல். உராய்வு முடிச்சில் மட்டும் உயிரைக் கட்டி விடாதீர்கள். ராப்பல் கயிறு மேலே சிக்கிக்கொண்டு, இரண்டு இழையும் கையில் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ப்ரூசிக்கில் ஏறலாம். ஒரு இழைதான் கையில் இருக்கிறது, மற்றது மேலே போய் எங்கோ மாட்டிக்கொண்டது என்றால், அந்த இழையை நம்பி ஏறக் கூடாது. அது எதில் மாட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

கயிற்றை மடக்கி, எடையின் மூன்றில் ஒரு பங்கு விசையால் ஆளைத் தூக்கும் ‘மூன்றுக்கு ஒன்று’ இழுவையைப் பற்றி நிறையப் படம் வரைகிறார்கள். பாறைக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. கீழே இறக்குவது எப்போதும் தூக்குவதைவிட எளிது. கராபினர் வழியாகத் திரும்பும் கயிறு தன் இழுவையில் ஏறத்தாழ பாதி முதல் அறுபது சதவீதம்தான் மறுபக்கம் கடத்துகிறது. 60 சதவீதம் என்று வைத்தாலும் கணக்கு 1 + 0.6 + 0.36, அதாவது மூன்று மடங்குக்குப் பதில் இரண்டுக்கும் கொஞ்சம் குறைவு. 70 கிலோ ஆளுக்கு நீங்கள் 36 கிலோ இழுக்கிறீர்கள், ஒரு மீட்டர் உயர மூன்று மீட்டர் கயிறு. பாறை விளிம்பில் கயிறு உரசினால் அதுவும் போய்விடும். அவரே கொஞ்சம் காலூன்றி ஏற முடிந்தால் மட்டும், சின்ன ஓவர்ஹாங்கை (வெளியே துருத்தும் பாறையை) தாண்டுவதற்கு இது உதவும்.

முடிச்சைத் தாண்டுவது

குர்ட்ஸ் நின்ற இடத்துக்கு இப்போது வரலாம். இரண்டு கயிறுகள் இணைந்த முடிச்சை நோக்கி ராப்பல் இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். காவல் ஆட்டோபிளாக்குக்கு ஒரு சாண் கீழே முடிச்சு வரும்போதே நிற்க வேண்டும். கருவிக்குள் முடிச்சு போய் இறுக உட்கார்ந்த பிறகு யோசிப்பது தாமதம். கருவியை மியூலால் பூட்டுங்கள். கருவிக்கு மேலே, கை எட்டும் தூரத்தில், பாரக்கயிற்றில் ப்ரூசிக். அதிலிருந்து துணைக்கயிறு உங்கள் ஹார்னஸின் பேரிக்காய் கராபினரில் மன்டர், மியூல். முடிந்த அளவு குட்டையாக. முடிச்சுக்கு ஒரு மீட்டர் கீழே எட்டுக் கண்ணி போட்டு ஹார்னஸில் மாட்டிக்கொண்டால் காவல் கிடைத்தது.

இப்போது கருவியின் மியூலைத் திறந்து, மெல்ல இறங்கி, எடையைத் துணைக்கயிற்றுக்குக் கொடுங்கள். தளர்ந்த கருவியையும் ஆட்டோபிளாக்கையும் கழற்றி முடிச்சுக்குக் கீழே, முடிச்சை ஒட்டினாற்போல, மறுபடி போட்டுப் பூட்டுங்கள். கருவியை முடிச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போட்டால், அதன் மேல் எடை உட்காரும் முன்பு துணைக்கயிறு தீர்ந்துபோகும், அல்லது ப்ரூசிக் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றுவிடும். பிறகு துணைக்கயிற்றின் மியூலைத் திறந்து, மன்டர் வழியே இறங்கி, புதிய இடத்தில் எடையை ஏற்றுங்கள். மேலே எட்டி ப்ரூசிக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு, காவல் கண்ணியை அவிழ்த்து, கருவியின் மியூலைத் திறந்து தொடருங்கள்.

இதில் மன்டர் இல்லாமல் வெறும் ப்ரூசிக்கில் எடையை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அது இறுகும். உங்கள் கருவி கீழே தளர்வாக மாட்டியிருக்கும், ஆனால் ப்ரூசிக்கிலிருந்து எடையை எடுக்க நீங்கள் காலில் ஏறி நிற்க வேண்டும். கால் வளையம் இருந்தால், தெம்பு இருந்தால், அது முடியும். அடிபட்ட ஒருவரையும் சேர்த்துக் கொண்டு இறங்கும்போது முடியாது.

ஹின்டர்ஸ்டாய்சர் குழு செய்த இன்னொரு காரியமும் இங்கே சேரும். குறுக்கே கடந்த ஒரு கடின வழவழப்பான பகுதியில், கடந்த பின் கயிற்றை உருவிக்கொண்டார்கள். திரும்ப வரும்போது பாறை பனியில் கண்ணாடி போட்டிருந்தது, அந்த வழியாகப் போகவே முடியவில்லை. குறுக்குப் பகுதியோ ஓவர்ஹாங்கோ உள்ள வழியில், முழுக் கயிற்று நீளத்தில் கடந்து போகும் முன், அங்கிருந்து திரும்பும் வழி என்ன என்பதைக் கேட்காமல் கடக்கக் கூடாது. தேவைப்பட்டால் பழைய கயிறு ஒன்றை அங்கேயே விட்டுச் செல்லலாம். கயிற்றின் விலையை அப்போது கணக்குப் பார்க்க வேண்டாம்.

தொங்கும் உடல்

நினைவில்லாமல் ஹார்னஸில் தொங்குகிறவருக்குக் காலம் மிகக் குறைவு. மூச்சுப்பாதை அடைபடும், இரத்தம் கால்களில் தேங்கும், விழுந்த அடி வேறு. கயிற்று வேலையை நீங்கள் விரைவாகச் செய்ய வேண்டிய காரணமே இதுதான். மேலே எட்டி அவருக்கருகே போனதும், 120 செ.மீ. ஸ்லிங்கை மார்பில் எட்டு வடிவில் போட்டு பாரக்கயிற்றோடு இணைத்தால் நிமிர்ந்து நிற்பார், மூச்சு எளிதாகும். ஒரு காலத்தில், இறக்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும், படுத்தால் தேங்கிய இரத்தம் இதயத்தைத் தாக்கும் என்று சொல்லித் தந்தார்கள். 2009-இல் பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த அறிவுரைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இறக்கியதும் படுக்க வைத்து, மூச்சு, இரத்தப்போக்கு, முதுகெலும்பு என்று வழக்கமான முதலுதவியைச் செய்வதுதான் இன்றைய வழி. முதுகில் அடி என்று சந்தேகம் வந்தால் தேவையில்லாமல் நகர்த்தக் கூடாது, ஆனால் தொங்கிக்கொண்டிருப்பது இன்னும் மோசம் என்பதால், தொங்கல் நிலையிலிருந்து எடுப்பதற்கு முன்னுரிமை.

உதவி கூப்பிடுவதற்கு, மலைகளில் ஒப்புக்கொண்ட குறி ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை விசில் அல்லது ஒளி, பின் ஒரு நிமிட இடைவெளி, மறுபடி. பதில் வந்தால் நிமிடத்துக்கு மூன்று.

வீட்டிலேயே பழக வேண்டியவை

இந்தப் பக்கங்களைப் படித்ததால் மியூல் கையில் வந்துவிடாது. கயிறு எடையோடு இருக்கும்போது நடந்துகொள்ளும் விதம், மேசையில் தளர்ந்த கயிற்றில் காட்டாது. மாடிப்படிக் கம்பியில் ஆங்கர் கட்டி, 15 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு, மேலே சொன்ன விடுபடும் வேலையை முழுதும் செய்து பாருங்கள். அதில் ப்ரூசிக் எத்தனை சுற்றில் கடிக்கிறது, மியூல் திறக்கும்போது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று தெரியும். ஒரு ஆள் எடையோடு பழகும்போது மூன்றாவது நபர் மேலிருந்து வரும் தனிக் கயிற்றில் (டாப் ரோப்) காவல் பிடிக்க வேண்டும். மண்ணிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர வேண்டிய தேவையே இல்லை.

பிறகு கண்களை மூடிக்கொண்டு செய்யுங்கள். கையுறை போட்டுச் செய்யுங்கள். வலது கை சட்டைப் பைக்குள் இருக்க, இடது கையால் மட்டும் மியூல் போடப் பாருங்கள். மூன்றாவது முயற்சியில் முடியும், முதலில் முடியாது. கண்ணி முழத்துக்குக் குறைந்துவிடும், சாதாரண முடிச்சு போட இடமிருக்காது. அப்படி ஒரே கையோடுதான் குர்ட்ஸ் கயிற்றைப் பிரித்தார்.